பந்தே ஸ்ரேயில் எங்கள் ஊர் அம்மை

மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து வீசும் பழத்தை முந்தானையில் பிடித்து வளர்ந்தவர்கள் நானும் சித்தியும். காரைக்கால்காரர்கள் வேறு எதை மறந்தாலும், சிவனைப் பாடிய எங்கள் காரைக்கால் அம்மையாரை மறக்க மாட்டோம். கம்போடியா போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது ஆளாளுக்கு அங்கோர் வாட், சூரிய உதயம், புகைப்படம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்தி ஒன்றுதான் கேட்டார்: "நம்ம அம்மை அங்க ஒரு கோயில்ல இருக்காங்கன்னு சொற்பொழிவுல சொன்னாங்களே, அது எதுடி?"

அது பந்தே ஸ்ரே. சியம் ரீப் நகரிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரப் பயணம். பயணத்தை அந்தக் கோயிலைச் சுற்றியே போட்டேன். மற்றதெல்லாம் வழியில் பார்த்தவை.

மார்ச் கடைசி வாரம் போனோம். சரியான வெயில். தேர்ந்தெடுக்க வசதியுள்ளவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள். 2023ல் திறந்த புது விமான நிலையம் ஊருக்கு வெகு தொலைவில் இருக்கிறது. நகரம் வந்துசேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். கோயில்களுக்கான சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது. முதலிலேயே வாங்கிவிட வேண்டும், அதில் நம் படத்தையும் அச்சடித்துத் தருவார்கள். நாங்கள் போனபோது ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. சித்திக்கு விலையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு விடுதியிலேயே உட்கார்ந்திருப்பார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. புடவை கட்டிப் போகிறவர்களுக்கு அதில் சிக்கலே இல்லை.

முதல் நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அங்கோர் வாட். குளக்கரையில் இருட்டிலேயே நூற்றுக்கணக்கான பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சித்தி ஐந்து நிமிடம் நின்றார். "சூரியன் நம்ம கடற்கரையிலயும்தான் வருது. சாமி எங்க?" என்றார். நல்ல கேள்விதான். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் திருமாலுக்கு எழுப்பிய கோயில் இது. பிறகு பௌத்த விகாரையாக மாறியது. நடுக் கோபுரத்தில் இப்போது பெருமாள் இல்லை, புத்தர்தான்.

ஆனால் பெருமாள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. மேற்கு வாசல் கோபுரத்துக்குள் வலது பக்கம் திரும்பினால் மூன்று மீட்டருக்கு மேல் உயரத்தில், எட்டுக் கைகளோடு நிற்கிறார். ஊர் மக்கள் அவரை 'தா ரீச்' என்கிறார்கள். 'தா' என்றால் தாத்தா. அரசத் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் பட்டு சாத்தியிருந்தது, முன்னால் பாய் விரித்திருந்தது. ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, இதழ் மடித்த தாமரை மொட்டுகளை வைத்து, ஊதுபத்திக் கட்டைப் புருவத்துக்கு நேரே தூக்கிக் கும்பிட்டது. பட்டர் இல்லை, தீபாராதனை இல்லை, யாரும் நகருங்கள் நகருங்கள் என்று விரட்டவும் இல்லை. சித்தி அதே பாயில் உட்கார்ந்து விஷ்ணு சகஸ்ரநாமத்தை முழுவதும் சொல்லி முடித்தார். அதற்குள் வெளியே உதயம் முடிந்து கூட்டம் சிற்றுண்டிக்குக் கிளம்பிவிட்டது.

உள்ளே பாற்கடல் கடையும் சுவர்ச்சிற்பம் 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர். வாசுகியின் உடலைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நமக்கே தோள் வலிக்கிறது. உச்சி மண்டபத்துக்கு ஏறும் படி மிகச் செங்குத்து. பௌத்தப் புனித நாட்களில் மூடிவிடுவார்கள். சித்தி ஏறவில்லை. நான் ஏறி இறங்கும்வரை கீழே நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பாயோன், தா ப்ரோம் கோயில்கள் எல்லாம் பார்த்தோம். பாயோன் கோபுரங்களின் பெரிய கல் முகங்களை எத்தனை முறை படத்தில் பார்த்திருந்தாலும் நேரில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. தா ப்ரோம் சுவர்களைக் கவ்விப் படர்ந்த மரவேர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். சாயங்காலம் நகரத்துக்குள் அரச தோட்டத்தருகே ப்ரியா ஆங் செக், ப்ரியா ஆங் சோம் என்ற இரு புத்தர்களின் சன்னதிக்குப் போனோம். தாமரையும் ஊதுபத்தியுமாக நல்ல கூட்டம். பக்கத்து மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கின. அதைப் பார்த்ததும் சித்தி, "அம்மை கயிலாயத்துக்குத் தலையாலதானே நடந்து போனாங்க" என்றார். அவர் மனசு முழுக்க அந்த ஒரே யோசனை.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. காய்கறி என்று சொல்லி வாங்கினாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. விடுதியில் ஒரு தாளில் கெமர் மொழியில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டோம். இந்திய உணவகங்களும் இருக்கின்றன.

மூன்றாம் நாள் கார் எடுத்தோம். வெயில் ஏறும் முன் மலையேறிவிடலாம் என்று ஓட்டுநர் சொன்னதால் முதலில் பந்தே ஸ்ரேயைத் தாண்டி க்பால் ஸ்பியன் போனோம். அடிவாரத்திலிருந்து காட்டுப் பாதையில் 1,500 மீட்டர் நடந்து ஏற வேண்டும். அங்கோர் வாட் படியைக் கண்டு உட்கார்ந்துவிட்ட சித்தி இதற்கு மட்டும் தயங்கவே இல்லை. "படி வேற, மலை வேற. நான் சதுரகிரி ஏறினவ" என்று குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டார். மேலே ஆற்றுப் படுகையின் பாறையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்கள். 11ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. காடு மூடிக் கிடந்த இந்த இடத்தை 1960களின் கடைசியில்தான் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் வெளியுலகுக்குச் சொன்னார். ஒவ்வொரு லிங்கமும் கவிழ்த்த சின்னக் கிண்ணம் அளவுதான். பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள், அவர் காலடியில் திருமகள், கொப்பூழ்த் தாமரையில் பிரம்மா என்று பாறையின் சரிவுகளிலும் சிற்பங்கள்.

மழைக்காலத்தில் இவற்றின் மேல் ஆறு புரண்டு ஓடுமாம். நாங்கள் பார்த்தபோது கையகலத் தண்ணீர் லிங்கங்களுக்கு நடுவே நெளிந்து போய்க்கொண்டிருந்தது. அருவி என்று பலகை வைத்த இடத்திலும் ஒரு கயிறு கனத்துக்குத்தான் விழுந்தது. எனக்கு ஏமாற்றம். சித்திக்கு இல்லை. "தாராபாத்திரத்துல இவ்வளவுதானே விழும்?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் அந்த மன்னர்களின் கணக்கும். இந்தத் தண்ணீர் சியம் ரீப் ஆற்றில் சேர்ந்து தலைநகரம் வழியாகப் போகிறது. லிங்கத்தின் மேல் பட்டு வரும் நீர்தான் ஊருக்கும் வயலுக்கும். செதுக்கிய பாறையில் கால் வைக்கக் கூடாது என்பதால் கீழே அருவி விழும் இடத்தில் இரண்டு கை தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டோம்.

இறங்கி வரும்போது வழியோரக் கடையில் சித்தி மாம்பழம் பார்த்துவிட்டார். "ரெண்டு வாங்குடி. ரெண்டுதான்." கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில்தானே புனிதவதியின், அதாவது அம்மையின், கதை ஆரம்பிக்கிறது. வாங்கினேன்.

பந்தே ஸ்ரேயை எந்த மன்னனும் கட்டவில்லை. யக்ஞவராகர் என்ற ராஜகுரு கட்டி, 967 ஏப்ரல் 22ஆம் தேதி திரிபுவனமகேஸ்வரரைப் பிரதிஷ்டை செய்தார். நம் தஞ்சைப் பெரிய கோயில் 1010. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கல் செம்மண் நிறம். கோயில் அவ்வளவு சின்னது, நடுச் சன்னதியின் வாசல் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். குழந்தைதான் நிமிர்ந்து நுழைய முடியும். இப்போது உள்ளே யாரையும் விடுவதில்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். 'பெண்களின் கோட்டை' என்பது பிற்காலத்தில் வந்த பெயர். சுவரிலுள்ள தேவமாதர்களின் அழகில் மயங்கி 1923ல் ஒரு பிரெஞ்சு இளைஞர் சிலரைப் பெயர்த்து எடுத்துப் போய்ப் பிடிபட்டார். அவரே பிற்காலத்தில் பிரான்சின் கலாசார அமைச்சரானார் என்பது வேறு வேடிக்கை.

உள்ளே போனதும் கண் நேராகச் சிவந்த விமானங்களுக்குத்தான் போகிறது. நாங்களும் அப்படியே போனோம். தெற்குப் பக்கத்துச் சிறு கட்டடத்தின் முகப்பில் ராவணன் கயிலையைப் பெயர்க்கிறான்; விலங்குகள் ஓடுகின்றன, உமை ஈசன் பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்கிறாள். மறுபக்கம் மன்மதன் கணை தொடுக்கிறான். வடக்கே கண்ணன் கம்சனைக் கொல்கிறான். ஒரு மணி நேரம் சுற்றினோம். அம்மையாரைக் காணோம். சித்தியின் முகம் வாடத் தொடங்கியது. "சொற்பொழிவுல தப்பா சொல்லிட்டாங்களோ?"

காவலுக்கு இருந்த பெண்ணிடம் கைபேசியில் படத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, நாங்கள் உள்ளே வந்த கிழக்கு கோபுர வாசலையே கை காட்டினார். வெளியே போய்த் திரும்பி அண்ணாந்து பார்க்கச் சொல்லிச் சைகை செய்தார். வரும்போது குனிந்து படியைப் பார்த்துக்கொண்டே அம்மையின் காலடியைத்தான் கடந்து வந்திருக்கிறோம்.

பத்துக் கைகளை விசிறிபோல் விரித்து ஆடுகிறார் ஈசன். நம் நடராசர்போல் கால் குறுக்கே வீசியிருக்கவில்லை, சுற்றித் தீ வட்டமும் இல்லை. கொடியும் பூவுமாகச் சுருண்ட கல் வேலைப்பாட்டுக்கு நடுவே இடுப்பு ஒடித்து நிற்கிறார். காலடியில் ஒரு பக்கம் வாத்தியக்காரர். இன்னொரு பக்கம், தளர்ந்து தொங்கும் மார்போடு, ஒட்டி உலர்ந்த உடம்போடு ஒரு கிழவி.

"அம்மா" என்றார் சித்தி. வேறு ஒன்றும் வரவில்லை.

அழகையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவள், இறைவன் ஆடும்போது அவன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்று வரம் கேட்டவள். அழகுக்கென்றே பேர் வாங்கிய கோயிலில், அத்தனை தேவமாதர்களுக்கு நடுவில், அவளுக்குத்தான் அந்த இடம் கிடைத்திருக்கிறது. சித்தி பையிலிருந்து இரண்டு பழத்தையும் எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, முகப்பைப் பார்த்து உயர்த்திப் பிடித்தார். அங்கே வைக்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். கண்ணை மூடி ஒரு பதிகம் சொல்லும் நேரம் நின்றார். பின்னால் ஒரு சுற்றுலாக் குழு எங்களைப் படம் எடுத்தது. எடுக்கட்டும்.

திரும்பும் வழியில் ப்ரியா தாக் கிராமத்தில் பெரிய இரும்புச் சட்டியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாலையின் இருபுறமும் நம் ஊர்ப் பனைமரமேதான்; அந்த நாட்டின் தேசிய மரமும் அதுதான். ஓலையில் சுற்றிய பனைவெல்ல வில்லைகள் நாலு வாங்கினோம். அங்கே ஓட்டுநர் கேட்டார், கோயிலில் அந்த அம்மா ஏன் அழுதார் என்று. எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தி அந்தக் கல்லில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "யெய்" என்றார். கெமர் மொழியில் பாட்டி.

சித்தி ஒரு பழத்தை அவர் கையில் கொடுத்தார். சாப்பிடுவார் என்று நினைத்தேன். வண்டியின் முன்பலகையில் ஒட்டியிருந்த சின்னப் புத்தருக்கு முன்னால் அதை வைத்து, கைகூப்பிவிட்டு வண்டியை எடுத்தார். சியம் ரீப் வரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் பழம் உருண்டது. ஒவ்வொரு முறையும் ஒரு கையால் அதைப் பழையபடி எடுத்து வைத்துக்கொண்டே வந்தார்.