அது என் குரலிலேயே பேசியது

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய வார்டு எண்ணும் கட்டில் எண்ணும் சேர்ந்து நான்கு இலக்கமாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு இலக்கம் என்றால் மனசு எங்கே ஓடும் என்று சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கார் மோதினால் கார் நம்பர், கனவில் யாராவது வந்தால் அதற்கும் ஒரு நம்பர். 4D என்கிற நான்கு இலக்க லாட்டரிக்குப் புதன், சனி, ஞாயிறு மாலை ஆறரைக்குக் குலுக்கல். எங்கள் புளோக்குக்குப் பக்கத்துக் கடையில் ஐந்து மணிக்கே வரிசை வளைந்து நிற்கும்.

பிசாசு சோதித்தால் பயமாக இருக்கும், உடனே தெரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கேட்டது என் சொந்தக் குரல். "ஒரு வெள்ளிதானே, ஒரே ஒரு டாலர். அப்பா உனக்கென்று விட்டுப்போன எண்ணாக இருந்தால்? விழுந்தால் பத்தில் ஒரு பங்கை ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்துவிடலாம்." துக்கம், பாசம், காணிக்கை என்று எனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தே என்னைக் கூப்பிட்டது.

வாங்கினேன். மூன்று மாதத்தில் ஒரு வெள்ளி இருபது வெள்ளியானது, அதுவும் வாரத்துக்கு மூன்று முறை. 'பிக்' என்கிற பந்தய வகையில் ஒரு வெள்ளி வைத்தால் முதல் பரிசு 2,000 வெள்ளி. 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். நான் கணக்கு வேலை பார்க்கிறவன், இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நின்றேன், மனைவியிடம் மறைத்தேன், ஞாயிறு ஆராதனையில் கைதூக்கிப் பாடிவிட்டு அதே சாயங்காலம் வரிசையில் நின்றேன். அதனால்தான் சொல்கிறேன், இது புத்தி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. நம்முடைய போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று எபேசியர் 6-இல் பவுல் எழுதியதை நான் அந்த வரிசையில்தான் புரிந்துகொண்டேன்.

அதற்காக எல்லாப் பழியையும் பிசாசின் தலையில் போட்டுவிடவும் முடியாது. ஒருநாள் பிடோக் ஜெட்டியில் ஒரு பெரியவர் தூண்டில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள இறாலை எடுத்து, அது துடிதுடிக்கும்படியே முள்ளில் கோத்தார், முள் வெளியே தெரியாத மாதிரி. மீனுக்குப் பிடித்ததைத்தான் போடுகிறார். யாக்கோபு 1:14-இல் 'சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு' என்று வருகிறதே, அந்தச் 'சிக்குண்டு' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இரை வைத்துப் பிடிக்கிற சொல்தான் இருக்கிறது. இரை வெளியிலிருந்து வருகிறது, பசி என்னுடையது.

செல் குரூப்பில், அதாவது எங்கள் சபையின் சிறு ஜெபக் குழுவில், ஒரு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிசாசைக் கடிந்துகொண்டு சத்தமாக ஜெபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேதத்தைத் திறந்து யாக்கோபு 4:7-ஐ என்னையே வாசிக்கச் சொன்னார். "தம்பி, 'எதிர்த்து நில்லுங்கள்' ரெண்டாவதுதான் வருது. முதல்ல 'தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்'. நீங்க வீட்டுல இன்னும் சொல்லலையே, அதைச் சொல்லாம யாரை எதிர்க்கப் போறீங்க?"

அன்று இரவே மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள். பணத்துக்காக அழவில்லை, மூன்று மாதம் பக்கத்திலேயே இருந்தும் சொல்லவில்லையே என்பதற்காக.

வேதவசனம் சொன்னால் பிசாசு ஓடிவிடும் என்பார்கள். ஆனால் வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவனே 91-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னான், 'உன் வழிகளிலெல்லாம்' என்பதை விட்டுவிட்டு. நான் காணிக்கையைச் சாக்காக வைத்ததும் அந்த மாதிரிதான். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார், ஆனால் அவர் சொன்னது தாம் ஏற்கெனவே கீழ்ப்படிந்துகொண்டிருந்த வசனங்களை. அப்புறம் லூக்கா ஒரு விஷயத்தை எழுதுகிறார்: பிசாசு 'சிலகாலம்' அவரை விட்டு விலகிப்போனான். சிலகாலம்தான்.

எனக்கும் அப்படித்தான். இப்போது கடைப் பக்கம் போகாமல் பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வீட்டுக்கு வருகிறேன், ஏழு நிமிடம் கூடுதல். அந்த நான்கு இலக்கம் மறக்கவில்லை. அது நினைவுக்கு வரும்போது அப்பாவின் முகத்தை, கடைசியாக அவர் என் கையைப் பிடித்ததை, வேண்டுமென்றே நினைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் அவருடைய முதல் நினைவு நாள். அந்த வாரம் எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.