எடிசனில் ஒரு கறுப்பு வெள்ளை அமெரிக்கா

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ தரும் எச்-4 விசாவில் வந்தவர்களிடம் வார நாளின் பகல் எவ்வளவு நீளம் என்று விளக்கத் தேவையில்லை. எனக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது, கார் கணவரோடு போய்விடும், நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஜனவரியில் நடந்து போகவும் வழியில்லை. கேபிளுக்கு மாதாமாதம் காசு எதற்கு என்று ஒரு ஆன்டெனா வாங்கிச் சன்னலில் ஒட்டினோம். அதில் பஸ்ஸர் என்றொரு சேனல் வந்தது. நாள் முழுக்கப் பழைய கேம் ஷோக்கள்.

அப்படித்தான் 'ஐவ் காட் எ சீக்ரெட்' பழக்கமானது. சிபிஎஸ் என்ற டிவி சேனலில் 1952 முதல் 1967 வரை ஓடிய நிகழ்ச்சி. வரும் விருந்தினர், தொகுப்பாளர் கேரி மூரின் காதில் தன் ரகசியத்தைச் சொல்வார். நமக்கு அது திரையில் எழுத்தாக வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் நால்வருக்குத் தெரியாது. கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொருவர் தோற்கும்போதும் வந்தவருக்கு 20 டாலர். நால்வரும் தோற்றால் 80.

கடைக் கல்லாவில் நிற்கும் பெண் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடாது. இந்த நிகழ்ச்சியில் பேசும் ஆங்கிலமோ அவ்வளவு தெளிவு. இன்னொன்றும் பிடித்திருந்தது. இங்கே ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் வார இறுதி பாட்லக்கில் "எங்க வொர்க் பண்றீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. "ஹெச் ஃபோர்" என்றதும் பேச்சு வத்தக்குழம்புக்குத் தாவிவிடும். டிவியிலோ, யாரென்றே தெரியாத ஒருவரைக் குடைந்து குடைந்து கேட்டார்கள்.

சரி, நல்ல பகுதிகளைத் தேடுவோம் என்று அப்புறம் யூடியூபுக்குப் போனேன். 1957இல் ஒல்லியான ஒரு மனிதர் வருகிறார். அவருடைய ரகசியம், எலக்ட்ரானிக் டிவியைக் கண்டுபிடித்தது. அந்த யோசனை வந்தபோது வயது 14. பெயர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த். பயன்படுத்தினால் வலி தரக்கூடிய இயந்திரமா என்று ஒருவர் கேட்க, சில நேரங்களில் மிகவும் வலிக்கும் என்றார். நால்வரும் தோற்றார்கள். 80 டாலரும் ஒரு பெட்டி வின்ஸ்டன் சிகரெட்டும் கொடுத்து அனுப்பினார்கள். தாமஸ் எடிசன் பெயர் வைத்த ஊரில் குடியிருந்துகொண்டு, டிவியைக் கண்டுபிடித்தவர் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ஆனால் என்னை எழுந்து உட்கார வைத்தவர் சாமுவேல் சீமோர். 1956 பிப்ரவரியில் வந்தபோது வயது 95. ஹோட்டலில் விழுந்து கண் வீங்கியிருந்தது. 1865 ஏப்ரல் 14 அன்று, வாஷிங்டன் ஃபோர்ட்ஸ் தியேட்டரில் லிங்கன் சுடப்பட்டபோது அங்கே இருந்த ஐந்து வயதுப் பையன் அவர். லிங்கன் சுடப்பட்டது அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. மாடத்திலிருந்து கீழே விழுந்த மனிதருக்கு அடிபட்டிருக்குமோ என்றுதான் கவலை. விழுந்தவர்தான் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்! அப்படிப்பட்டவருக்குச் சில நிமிடம்தான் ஒதுக்கினார்கள் என்பதில் எனக்கு இன்றும் கோபம். அவர் பைப் பிடிப்பவர் என்பதால் சிகரெட்டுக்குப் பதில் ஒரு டப்பா புகையிலை. இரண்டு மாதத்தில் இறந்துவிட்டார்.

சாயங்காலம் கணவர் வந்ததும், "ஏங்க, லிங்கனைச் சுட்டப்போ அங்க இருந்தவரை இன்னிக்குப் பார்த்தேன்" என்றேன்.

"எங்க, ஓக் ட்ரீ ரோடு கடைத்தெருவுலயா?" என்றார், ஷூவைக் கழற்றிக்கொண்டே.