பீச்சாங்கையில் பேனா சுழற்ற

யாங்கூனில் பெரியவர் ஒருவருக்கு ஏதாவது கொடுத்தால் வலக்கையால் நீட்டுவோம், இடக்கை வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பர்மியரிடமிருந்து நமக்கும் ஒட்டிக்கொண்ட மரியாதை. தமிழிலோ சோத்துக்கை, பீச்சாங்கை என்று பெயரிலேயே வேலையைப் பிரித்துவிட்டோம். இப்படி வளர்ந்த கையில் திடீரென்று பேனாவைக் கொடுத்து "சுத்து" என்றால் அது திருதிருவென்று முழிக்கத்தான் செய்யும்.

வலக்கையில் தம்ப் அரவுண்ட், அதாவது கட்டைவிரலைச் சுற்றிப் பேனாவைச் சுழற்றும் வித்தை, பத்துக்கு எட்டு தடவையாவது விழாமல் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். எதுவுமே தெரியாதவர்கள் முதலில் பழகிய கையில் ஒரு மாதம் பழகிவிட்டு வாருங்கள். அந்த மாதம் வீண் போகாது. ஒரு கைக்குக் கொடுத்த பயிற்சி மறுகைக்கும் ஓரளவு போய்ச் சேருகிறது என்று 1894-இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள்.

இடக்கையில் எல்லாரும் தேடுவது வேகம். ஆனால் அங்கே குறைவது வேகமில்லை. பேனாவைத் தள்ளுவது எந்த விரலுக்கும் எளிது. தள்ளிய பிறகு பேனா போகும் வழியைவிட்டு விலக வேண்டுமே, அதுதான் இடக்கை விரல்களுக்குத் தெரியாது. வலக்கையில் அந்த விலகல் தானாக நடப்பதால் நாம் அதைக் கவனித்ததே இல்லை. ஆகவே முதல் வேலை, வலக்கையை மெதுவாகச் சுழற்றவிட்டு அதையே பார்ப்பது. எதிரே ஒரு கண்ணாடியை வையுங்கள். அதில் தெரியும் வலக்கை, வடிவத்தில் இடக்கைதான். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து, எடிட் செய்யும் இடத்தில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் இன்னும் தெளிவு. வலக்கையில் கடிகாரச் சுற்றாக ஓடுவது இடக்கையில் எதிர்ச்சுற்றாக ஓடும். இதை மறந்து ஒரே திசையில் இரு கையையும் ஓட்டப் பார்ப்பவர்கள், தெரியாமலே ரிவர்ஸ் வித்தையைப் பழகிக்கொண்டிருப்பார்கள்.

பேனா விஷயம். சாதாரண பால்பாயிண்ட் பேனா 14, 15 செ.மீ. நீளந்தான், எடையும் ஐந்தாறு கிராம். பழகாத கைக்கு இது போதாது. விரல் உணர்வதற்குள் சுற்று முடிந்துவிடும். 18 முதல் 21 செ.மீ. நீளமும் 12 முதல் 20 கிராம் எடையும் இருந்தால் சுழற்சி நிதானப்படும். எடை நடுவில் இருந்து பயனில்லை, இரண்டு நுனியிலும் சமமாக இருக்க வேண்டும். அறுகோணத் தண்டு உள்ள மலிவுப் பேனாவின் ரீஃபிலை உருவிவிட்டு, இரண்டு முனையிலும் மூடி போட்டு, வேறு பேனாக்களிலிருந்து கழற்றிய ரப்பர் கிரிப்பை மூடிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எடை போதாவிட்டால் மூடிக்குள் அழிரப்பர்த் துண்டைத் திணிக்கலாம். மூடியின் கிளிப்பை வெட்டிவிடுங்கள். அது ஒரு பக்கமாக இழுக்கும், தோலையும் கீறும். செய்து முடித்ததும் ஒரு விரல்மேல் படுக்க வைத்தால் தராசு முள்போல நிற்க வேண்டும். ரீஃபிலோடு சுழற்றினால் மை ஒழுங்காக இறங்காமல் போகலாம், அப்புறம் எழுதும்போது வெறும் கீறல்தான். பரீட்சைக்குக் கொண்டுபோகும் பேனாவை இதற்குத் தொடாதீர்கள்.

வரிசை என்று வந்தால், பலரும் தம்ப் அரவுண்டில் தொடங்கச் சொல்வார்கள். இடக்கைக்கு அது சரிப்படாது என்பது என் கட்சி. பேனா கையைவிட்டுப் போகாத சார்ஜ்தான் முதலில். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடித்து, இரு விரலையும் மாற்றி மாற்றி மேலும் கீழும் அசைத்தால் பேனாவின் இரு நுனியும் காற்றில் வட்டம் போடும். வட்டமான பர்மிய எழுத்தான வலொன் எழுதப் பழகும் பிள்ளைக்கு முதலில் முட்டையும் உருளைக்கிழங்கும் வருவதுபோல இதுவும் கோணலாகத்தான் வரும். மணிக்கட்டை ஆட்டிச் சமாளிக்காதீர்கள். முன்கையை மேசைமேல் கிடத்திவிட்டால் அந்தத் திருட்டு நடக்காது.

அடுத்தது ஃபிங்கர் பாஸ். ஆள்காட்டி-நடுவிரல் இடுக்கிலிருந்து நடு-மோதிர இடுக்கு, அங்கிருந்து மோதிர-சுண்டு இடுக்கு, பிறகு அதே வழியில் திரும்புதல். ஒவ்வொரு இடுக்குக்கும் அரைச் சுற்று. இடக்கை கடைசி இடுக்கில்தான் சிக்கும். காரணம் வேண்டுமா? உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். எழும்பாது. புறங்கையில் விரல்களைத் தூக்கும் தசைநாண்கள் ஒன்றோடொன்று குறுக்கிழைகளால் கட்டியிருக்கின்றன. வலக்கையிலும் இதே கதைதான், ஆனால் அது நடுவிரலைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்து மோதிர விரலை விடுவிக்கப் பழகிவிட்டது. இடக்கைக்கு அந்தத் தளர்த்தலைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்: பேனா இல்லாமலே, நடுவிரலை அரைவாசி நிமிர்த்தி, மோதிர விரலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். முன்கை வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இனி தம்ப் அரவுண்ட். கட்டைவிரல் ஒரு பக்கம், ஆள்காட்டியும் நடுவிரலும் மறுபக்கம். பேனாவின் நடுப்பகுதி கட்டைவிரலில் இருக்கட்டும். துப்பாக்கி விசையை இழுப்பதுபோல நடுவிரல் மட்டும் உள்ளே இழுக்க வேண்டும். ஆள்காட்டி சும்மா துணைக்கு. இழுத்த நொடியே இரண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, கட்டைவிரலின் முதுகைக் காலியாக விட வேண்டும். பேனா அந்த முதுகின்மேல், நகத்துக்கும் முதல் மூட்டுக்கும் நடுவே உருண்டு வந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் இடையில் சேரும்.

எங்கே விழுகிறதென்று பார்த்தாலே என்ன தப்பு என்று தெரிந்துவிடும். எதிரே இருப்பவர் முகத்துக்குப் பறந்தால் ஆள்காட்டியும் சேர்ந்து தள்ளுகிறது. விரல் முட்டியில் 'டக்' என்று இடித்தால் மடங்கவில்லை. கட்டைவிரல் நுனியிலிருந்து வழுக்கினால் விரல் கீழே சாய்ந்திருக்கிறது, நேராக நிமிர்த்துங்கள். முழுச்சுற்று வந்தும் கடைசியில் நழுவினால் ஆள்காட்டி அவசரப்பட்டு அகலத் திறக்கிறது. முதல் நாளில் முழுச்சுற்றே வேண்டாம். தள்ளு, மடக்கு, பேனா மடியில் விழட்டும். பிடிப்பதைப் பற்றி மூன்றாம் நாள் யோசிக்கலாம். பாயில் சம்மணம் போட்டுக் கைலியை இரு முட்டிக்கும் இடையில் இழுத்துவிட்டு உட்கார்ந்தால் விழுகிற பேனாவைத் தேடிப்போக வேண்டியதில்லை. தேநீர்க் கடையின் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பழகினால், பேனா பாதி நேரம் சாக்கடையில் கிடக்கும்.

ஒரு விரல் இடுக்கிலிருந்து இன்னொரு இடுக்குக்குப் பேனாவைச் சுழற்றி அனுப்பும் சோனிக் வித்தை இப்போது வேண்டாம். ஃபிங்கர் பாஸ் சுத்தமாக வந்த பிறகு அது பாதி தானாக வரும்.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். சித்திரை வெயிலில் உள்ளங்கை வேர்த்தால் பேனா ஒட்டிக்கொண்டு பாதியில் நிற்கும், பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். இடக்கை முரண்டு பிடித்தால் வலக்கையிலும் ஒரு பேனாவைக் கொடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில், கண்ணாடி பிம்பம்போல, உள்நோக்கிச் சுழற்றிப் பாருங்கள். இரு கையும் எதிரெதிர் பிம்பமாக அசைவது உடம்புக்கு எளிது. பர்மியப் பந்தாட்டமான சின்லோன் ஆடுகிறவர் எந்தக் காலில் பந்து வந்தாலும் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோல இரு கையும் ஒத்துப்போக ஆரம்பிக்கும். இதற்காகவே முதலிலேயே ஒரே நீளம், ஒரே எடையில் இரண்டு பேனா செய்துவையுங்கள். சேர்ந்து சுழற்றும்போது வலக்கை முந்தப் பார்க்கும். அதை இடக்கையின் நடைக்கு இழுத்துப் பிடியுங்கள்.