வாக்குத்தத்த வசனம் கிடைக்காத புத்தாண்டு

டிசம்பர் 31 நள்ளிரவில் கோவில், அதாவது சர்ச், பூட்டியிருக்கும் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலம் அது. வருஷக் கடைசி ஆராதனை மாலை ஐந்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் தெருவில் வாணம் விடுவார்கள் என்று சபையில் ஒரு பாட்டி அன்பாகத்தான் விளக்கினார். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பழைய வருஷத்தின் கடைசி நிமிஷங்களில் முழங்காலில் நின்று, மணி அடித்ததும் எழுந்து, பக்கத்தில் இருப்பவர் யாரென்றுகூடப் பார்க்காமல் கைகொடுத்து வாழ்த்துவோமே, அது இல்லாமல் ஒரு வருஷம் எப்படிப் பிறக்கும்?

அதைவிடப் பெரிய ஏக்கம் வாக்குத்தத்த வசனத்துக்கு, புது வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்காக அவரவர் எடுக்கும் பைபிள் வசனத்துக்கு. போதகர் ஐயா நீட்டும் தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுக்கும்போது கை லேசாக நடுங்கும். வீட்டுக்கு வந்து அப்பா எல்லாருடைய வசனத்தையும் சத்தமாக வாசிப்பார். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு என்ன வந்தது, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் அக்காவுக்கு என்ன வந்தது என்று விடியும்வரை அதே பேச்சுதான். என் பழைய அட்டைகள் இன்னும் அப்பாவின் பைபிளுக்குள் இருக்கின்றன. அவர் இல்லை.

அந்த முதல் வருஷம், இங்கே இரவு ஏழரை ஆனபோது ஊரில் பன்னிரண்டு. போனில் எங்கள் கோவில் மணிச் சத்தம் கேட்டது. என் பெயரில் அம்மா ஒரு அட்டை எடுத்து வாசித்தாள். ஆனாலும் நானே எடுத்ததுபோல இல்லை.

ஜனவரியில் அதே பாட்டி ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்தார். ‘லோசுங்கன்’ என்று பெயர். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பழைய ஏற்பாட்டு வசனம், அதற்குப் பொருத்தமாகத் தேர்ந்த ஒரு புதிய ஏற்பாட்டு வசனம். பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் சாக்சனி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் பிறந்த இந்தப் புத்தகம், 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகிறது. தொடங்கிவைத்த சின்சென்டோர்ஃப் பிரபு, ஹாலே பள்ளியில் படித்த சிறுவனாக இருந்தபோதே தரங்கம்பாடி மிஷன் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். ஹாலே லைப்சிக்கிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் அங்கே படித்தவரே. இந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்த விசுவாசத்தை, நான் இங்கே வந்து தேடிக்கொண்டிருந்தேன்.

இங்கே பெரும்பாலானவர்கள் எந்தச் சபையிலும் இல்லை. ‘நீ தினமும் ஜெபிப்பாயா, உண்மையாகவா?’ என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கேலி இல்லை, ஆச்சரியம். ஊரில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே கிடையாது. அங்கே மணியடித்தால் கோவில், இருட்டினால் குடும்ப ஜெபம், இரண்டு ஞாயிறு வராவிட்டால் வீடு தேடி வரும் ஐயா. சபை என்னைச் சுமந்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை நான் படுத்துத் தூங்கினால் யாருக்கும் தெரியாது. அப்புறம்தான் தேவனோடு நேருக்கு நேர் பேச ஆரம்பித்தேன் என்று சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் புத்தாண்டு அட்டைகளில் ஆசீர்வாதம் மட்டுமே இருக்கும். உன்னைப் பெருகப்பண்ணுவேன், உன்னைக் கைவிடேன். இந்தச் சின்னப் புத்தகத்தில் சில நாள் கட்டளை வருகிறது, சில நாள் கண்டிப்பு, சில நாள் யாரோ இருட்டிலிருந்து கதறுவது. நானாகத் தேடிப் போயிருக்கமாட்டாத வசனங்கள். மன்னிக்க மனம் இல்லாத காலத்தில் மன்னிப்பைப் பற்றிய வசனம் வந்து நின்றது. அன்று முழுவதும் அதோடு போராடினேன். என்னை வளர்த்தவை அப்படிப்பட்ட நாட்கள்தான். வாக்குத்தத்தம் ஆறுதல் தரும், ஆனால் ஆறுதலை மட்டும் வைத்து விசுவாசம் முதிராது என்று இப்போது நம்புகிறேன்.

சரி, இங்கே வேர் பிடித்துவிட்டது. ஜெர்மன் ஆராதனை முறை மனப்பாடம், ஆர்கன் வாசிக்கும் சில ராகங்கள் ஊரில் பாடிய ஞானப்பாட்டுகளின் ராகங்களே. ஆனால் கூடவே ஒரு கீர்த்தனை மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. தாளம் போடாமல் இருக்க முடிவதில்லை. பெண்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பாய், மல்லிகை வாசனை, பின்வரிசையில் ஒரே ஒரு சுருதி தப்பிப் பாடும் பெரியம்மா.

காலை ஏழு மணிக்கு டிராமில் ஏறியதும் அன்றைய வசனம் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்வேன். அவள் தமிழ் பைபிளில் எடுத்து வாசிப்பாள். கண்டிப்பான வசனம் வந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. “இது உனக்கு இல்லம்மா, வேற ஒண்ணு பாக்கலாம்” என்பாள். நான் விடமாட்டேன், அதுதான் இன்றைக்கு என்பேன். அவள் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, எங்காவது ஒரு ஆறுதல் வரியைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் போனை வைப்பாள்.