கிளிங்கான் மொழியில் உடம்புக்கென்று ஒரு தனிப் பன்மை

ஸ்டார் ட்ரெக் கதைகளில் வரும் வேற்றுக்கிரக இனமான கிளிங்கான்களுக்காக உருவாக்கிய மொழிதான் கிளிங்கான். அதைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வசவுகளைத்தான் தேடுகிறார்கள், அப்புறம் போர் முழக்கங்கள். நான் சொல்வேன், உடம்பைப் பற்றிய சொற்களில் தொடங்குங்கள். இந்த மொழியை மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் எவ்வளவு அக்கறையோடு கட்டினார் என்பது அங்கேதான் தெரியும்.

பன்மை விகுதி இதில் மூன்று. பேசத் தெரிந்த உயிர்களுக்கு 'பூ', மற்றவற்றுக்கு 'மெய்', உடலுறுப்புகளுக்கு மட்டும் 'டூ'. முதல் இரண்டும் நம் உயர்திணை அஃறிணைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், மூன்றாவதுதான் புதிது. கண் 'மின்', கண்கள் 'மின்டூ'. கை 'கோப்', கைகள் 'கோப்டூ'. விலங்கின் உறுப்பானாலும் இதே விகுதிதான். அந்த ட நம்முடைய ட போலவே, நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட வேண்டும்; கடைசியில் தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு.

எனக்கு ரொம்பப் பிடித்த சொல் மூக்குத் துவாரத்துக்கு உரியது, 'ட்ல்ஹோன்'. இதோடு 'டூ' சேர்க்காமல் 'மெய்' சேர்த்தால் இலக்கணப் பிழை, ஆனால் கிளிங்கான் கவிஞர்கள் ஒரு மனநிலையைக் கொண்டுவர வேண்டுமென்றே அப்படி எழுதுவார்கள், அப்போது 'எங்கு பார்த்தாலும் சிதறிக் கிடக்கும் மூக்குத் துவாரங்கள்' என்று பொருள் வரும் என 1985இல் வெளியான அகராதியிலேயே ஓக்ராண்ட் எழுதி வைத்திருக்கிறார். முந்தைய வருடம் வந்த ஒரு ஸ்டார் ட்ரெக் சினிமாவுக்காகச் செய்த மொழி! விதியைச் சொன்ன கையோடு அதை மீறுகிற கவிஞர்களையும் யோசித்திருக்கிறாரே, அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

உடம்பு செய்கிற வேலைகளுக்கான வினைகள் பலவும் ஓரசைதான்: ஏப்பம் விட 'ருக்', கொட்டாவிக்கு 'ஹோப்', குறட்டைக்கு 'வுட்', இருமலுக்கு 'துஷ்', துப்புவதற்கு 'துய்'. தலை வலிக்கிறது என்றால் 'ஓய் நாச்விஜ்'. வினை முதலில், தலை பிறகு, 'என்' என்பது தலையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கழிப்பறை எங்கே என்று கேட்கும் வாக்கியமும் அந்த அகராதியில் உண்டு.

சரி, கல்லீரலுக்கு வருவோம். சொல் 'செஜ்'. 1992இல் 'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடரின் 'எதிக்ஸ்' பகுதியில் வொர்ஃப் என்ற கிளிங்கான் பாத்திரத்துக்கு முதுகெலும்பில் அடிபடும்போது, கிளிங்கான் உடம்பில் கல்லீரல் இரண்டு, விலா எலும்பு 23, இதயத்தில் எட்டு அறைகள் என்று தெரிய வருகிறது. அப்படியானால் ஒரே ஆளின் கல்லீரலைப் பற்றிப் பேசவே 'செஜ்டூ' என்று பன்மை போட இடமிருக்கிறது.