மூணுல இருந்து ரெண்டு

பிப்ரவரி 10, திங்கள்

கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஏறினால் பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்குத் தூரம் குறைவு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்க ஒரு வண்டி வந்தா எங்க ஒதுங்குவ?" சுற்றிக்கொண்டு காட்ரோடு வழியாகவே வந்தோம். இ-பாஸ் கேட்ட இடத்தில் தன் சட்டைப்பையைத் தடவினார். போனில் இருக்கிறது என்று நான் காட்டியதும், "இந்த மலைக்கு எனக்கே பாஸா?" என்றார்.

மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு. ஒவ்வொரு வளைவிலும் இடது கை கியருக்குப் போகும்போது தையல் சுருக்கென்று இழுக்கிறது. டம்டம் பாறைக்குப் பிறகு ரெண்டிலேயே ஓட்டினேன். இன்ஜின் அலறியது.

"மூணு போடு தாயி. வண்டி அழுவுது."

போட்டேன்.

வெள்ளி அருவியில் நிறுத்தினோம். 180 அடி உயரத்திலிருந்து நூல் மாதிரித் தண்ணீர். மேலே ஏரியிலிருந்து வழிந்து வருவதுதான் இது. ஒரு குரங்கு பானெட்டில் ஏறி வைப்பரைப் பிடித்து ஆட்டியது. அப்பா அதையும் திட்டினார்.

வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னார்கள். அதற்கு முன்னால் கூப்பிட மாட்டார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் கண்ணாடி முழுக்க உறைபனி. அப்பா ஏடிஎம் கார்டை வைத்துச் சுரண்டினார். பணம் எடுப்பதை விட இதற்குத்தான் அது அதிகம் உதவியிருக்கும்.

காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்கு விடவில்லை. யானை நிற்கிறதாம்.

வேறு வழியில்லாமல் ஊருக்குள் இருக்கும் கொடை ஏரியைச் சுற்றினோம். ஒரு சுற்று 5 கிலோமீட்டர். இது கடவுள் வைத்த ஏரி இல்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாம். அன்றைக்கு இந்த மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. வெள்ளைக்காரர்களே டோலியில் ஏறிய காலம். அந்தப் படகு எத்தனை பேர் தோளில் ஏறியிருக்கும்? கலெக்டர் பேர் நிற்கிறது. தூக்கினவர்கள் பேரை யார் எழுதி வைத்தார்கள்?

ஏரிக்கு நட்சத்திரம் மாதிரி கைகள். எங்கே நிறுத்தினாலும் முழுசாகக் கண்ணில் படாது. ஒரு கை முடிந்தது என்று திரும்பினால் அடுத்தது. இரண்டாவது சுற்றில், ஒரு மட்டக்குதிரைக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "கியர் மாத்த ஏன் இவ்வளவு யோசிக்கிற?"

புது வண்டி இல்லையாப்பா, பழகணும் என்றேன். வண்டி வாங்கி நாலு வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 12, புதன்

யானை இன்னும் நகரவில்லை. போனும் வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் அனுமதி இல்லை. ஊரே சுற்றும் வழியில் சுற்றினோம். குகைப் பக்கம் வேன் வரிசை, இறங்கவில்லை. தூண் பாறையில் நாற்பது நிமிஷம் மஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 400 அடிப் பாறை மூன்று, கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பையன் வெறும் வெள்ளையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். திடீரென்று விலகியது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. கல்லில் ஈரம் பளபளத்தது. மறுபடி மூடிக்கொண்டது.

அந்த நாற்பது நிமிஷத்தில் அந்த வார்த்தையை மறுபடியும் போனில் தேடினேன். தேட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன்.

மோயர் பாயின்ட்டில் அப்பா தானாக இறங்கிப் போய்த் தடுப்புக் கம்பியில் கை வைத்து நின்றார். அந்தப் பக்கம்தான் பேரிஜம். அதையும் தாண்டி டாப் ஸ்டேஷன், மூணாறு என்று போகும் பழைய ரோடு. எஸ்கேப் ரோடு. ஜப்பான்காரன் மதராஸில் இறங்கிவிட்டால் கொச்சிப் பக்கம் தப்பிக்க வெள்ளைக்காரர்கள் வைத்துக்கொண்ட வழி என்பார். ஜப்பான்காரன் வரவில்லை. அப்பாதான் அதில் ஜீப் ஓட்டினார். இப்போது அந்த வழி மூடி எத்தனையோ வருஷம்.

"யானைக்கு ஹாரன் அடிக்கக் கூடாது. ரிவர்ஸும் படக்குன்னு எடுக்கக் கூடாது. லைட்டை அணைச்சிட்டு சும்மா உக்காரணும்."

"எவ்வளவு நேரம்?"

"அது போற வரைக்கும்."

ராத்திரி அறைக்கு வெளியே காட்டுமாடு. குப்பைத்தொட்டியை முகர்ந்துவிட்டு, எனக்கென்ன என்று போனது. தூங்கவில்லை. இடது பக்கம் ஒருக்களிக்கவே முடியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

விட்டுவிட்டார்கள்! ஒன்பதரைக்குக் கேட் திறந்தது. இன்றைக்கா திறக்க வேண்டும் என்றும் இருந்தது. உள்ளே சிக்னல் இருக்காது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம். அப்பா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஸ்கூல் பிள்ளை மாதிரி.

பைன் மரங்கள், பிறகு சோலை. மதிகெட்டான் சோலை வந்ததும் அப்பா கண்ணாடியை இறக்கினார். உள்ளே நுழைந்தவனுக்குத் திசை மறந்துபோகும் என்று சொல்லும் காடு. ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் பாசி பிடித்த மரங்கள்தான். ஈர மண் வாசனை. தொப்பி தூக்கும் பாறையில் காற்று அவருடைய மப்ளரைத்தான் தூக்கியது.

அங்கிருந்து இறக்கம். கை மரத்துவிட்டது. ரெண்டுக்கு மாற்றப் போய் விழாமல் கியர் கறகறத்தது. வண்டி நியூட்ரலில் உருள, பிரேக்கை மிதித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தன் வலது கையைக் கியர் மேல் வைத்தார்.

"நீ கிளச்சை மட்டும் மிதி."

மிதித்தேன். ரெண்டு விழுந்தது, சத்தமே இல்லாமல். மிச்ச தூரம் அப்படியே போனோம். "ம்" என்பார், மிதிப்பேன். நான் ரோட்டைப் பார்த்தேன், அவரும் ரோட்டைத்தான் பார்த்தார்.

பேரிஜத்தில் ஆள் இல்லை, படகு இல்லை, பஜ்ஜிக் கடை இல்லை. கொடை ஏரியைப் பார்த்த கண்ணுக்கு இதுதான் ஏரி. பெரியகுளத்துக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர். பிறந்ததிலிருந்து இதைத்தான் குடிக்கிறேன், இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அந்தக் கரையில் நாணல் அசைந்தது. யானையா என்றேன். காத்து என்றார்.

"ஏன் சொல்லல?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன்.

திரும்பும்போதும் அவர் கைதான் கியரில். மூன்று மணிக்கு மேல் கேட்டைத் தாண்டியதும் போன் உறுமியது. கூப்பிட்டதாக மூன்று எஸ்எம்எஸ், ஒரே நம்பர். ஏரி ரோட்டில் ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். அப்பா வேக வைத்த சோளம் வாங்கப் போயிருக்கிறார், ரெண்டு, ஒன்றில் காரம் வேண்டாம் என்று அவர் சொல்வது இங்கே கேட்கிறது. ரிங் போகிறது