பச்சை வட்டம் போட்ட எட்டு நாட்கள்

ஈச்சிலம்பற்றில் ஒரு வீட்டுக் கலண்டர். எட்டு நாட்களுக்குப் பச்சை மையில் வட்டம். புற்றுநோய்ப் பிரிவு மிஸ்ஸி (தாதி) இன்று போட்டது.

கீமோ என்கிற புற்றுநோய் மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14 வரை. பெரும்பாலும், கிருமியோடு போராடுகிற வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்குகிற நாட்கள்.

"அம்மா, அக்குள் வியர்வையைத் துடைச்சிட்டுத்தான் வெப்பமானியை வையுங்கோ. 38 பாகை வந்தா பனடோல் குடுத்துப் பாக்காதேங்கோ. உடன ஆஸ்பத்திரி."

பனடோல் சூட்டைத்தான் அமத்தும். கிருமி உள்ளே பெருகிக்கொண்டே இருக்கும். விடியட்டும் என்று காத்திருக்கிற அந்த நாலைந்து மணித்தியாலம்தான் உயிரை எடுக்கிறது. சிலருக்குக் காய்ச்சலே இராது, நடுக்கம் மட்டும் வரும். அதுவும் அவசரம்தான்.

போனதும் வரிசையில் நிற்காமல் "கீமோ ஏத்தின ஆள்" என்று முதலில் சொல்லவேணும்.

கிளினிக் கொப்பி கதவடிப் பையில். கலண்டர் ஓரத்தில், இராத்திரியிலும் வரக்கூடிய ஓட்டோக்காரத் தம்பியின் நம்பர்.